எதிர் நாற்காலிக்கு ஓர் ஆள்

எனக்குச் சண்டை போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. வாய்ச்சண்டைக்கு இல்லை, அதற்கு வீட்டிலும் ஃபேக்டரியிலும் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரு வரைபடத்தை விரித்து, இரண்டு பக்கமும் படைகளை அடுக்கி வைத்து, நாலு மணி நேரம் எதிரே உட்கார்ந்து, என்னை எப்படித் தோற்கடிக்கலாம் என்று யோசிக்கிற ஓர் ஆள். அப்படி ஒருவரை ஒன்பது வருஷம் திருச்சி முழுக்கத் தேடினேன்.

விளையாட்டைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் எல்லாரும் எழுந்து போவார்கள். ஒரு பெரிய வரைபடம். அதன் மேல் தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள். நடுவில் ஓர் ஆறு இரண்டாகப் பிரிந்து ஓடி மறுபடி ஒன்றாகச் சேர்கிறது, இடையில் ஓர் ஊர். ஐரோப்பாவில் எந்தக் காலத்திலோ இரண்டு ராஜாக்கள் அந்த ஊருக்காக அடித்துக்கொண்டார்களாம். கட்டைவிரல் நகம் அளவுக்கு அட்டைக் காய்கள் முந்நூற்றுச் சொச்சம், ஒவ்வொன்றும் ஒரு படைப்பிரிவு. இரண்டு பகடை. இங்கிலீஷில் ஐம்பத்திரண்டு பக்கத்துக்கு விதிப் புத்தகம். ஓர் ஆட்டம் முடிய ஆறேழு ஞாயிற்றுக்கிழமை ஆகும். அதுவரை மேஜையை அசைக்கக் கூடாது, அதில் சாப்பிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஃபேன் போடக் கூடாது. காய்கள் பறந்துவிடும். மேலே கண்ணாடி போட்டு மூடலாமே என்பார்கள். காய்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டியிருக்கிறது, எங்கே மூடுவது? திருச்சி வெயிலில், ஃபேன் இல்லாமல், நாலு மணி நேரம். சொல்லுங்கள், யார் வருவார்?

நான் வெல்டிங் வேலைகளைப் பரிசோதித்துப் பாஸ் போடுகிற இன்ஸ்பெக்டர். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஃபேக்டரியில் எனக்கு 'ரிஜெக்ட் மேடம்' என்று பெயர், என் காதுபடவே சொல்வார்கள். பயிற்சிக்காக ஜெர்மனிக்கு மூன்று மாதம் அனுப்பியபோது, நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவும் அவர் கணவரும் ஞாயிறு தோறும் இதை ஆடுவார்கள். அந்தம்மா கணவரைச் சக்கையாகப் பிழிந்து எடுப்பார். அவர் தோற்றுவிட்டு எழுந்து போய் எல்லாருக்கும் காபி போட்டுக்கொண்டு வருவார், முகம் நிறைய சந்தோஷத்தோடு. தோற்ற ஆம்பிளை முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஊருக்குக் கிளம்பும்போது அந்தம்மா ஒரு பழைய பெட்டியைக் கையில் கொடுத்தார். பெட்டி சுலபமாக வந்துவிட்டது. ஆள்தான் வரவில்லை.

முதல் பலி என் வீட்டுக்காரர். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை, பொறுமையான மனிதர். விதிப் புத்தகத்தின் ஆறாம் பக்கம் வரை கேட்டார், ஏழாம் பக்கத்தில் குறட்டை. எழுப்பினால், "உன் சண்டைய நீயே போட்டுக்கம்மா, நான் ஞாயித்துக்கிழமையாவது நிம்மதியா தூங்குறேன்" என்றார். அடுத்து எங்கள் மேனேஜர். சதுரங்கத்தில் புலி. பகடையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "அதிர்ஷ்டத்த நம்பி ஆடுறதெல்லாம் எனக்குப் பிடிக்காதுங்க." வெல்டிங்கில் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று கேட்க வாய் வந்தது, சம்பள உயர்வு நேரம், அடக்கிக்கொண்டேன். எங்கள் தெருவில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஆசையாக இருக்கும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா வேணாம்மா, நான் நிஜத்தையே பாத்துட்டேன்" என்றார். பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தில்லை நகரில் புதிதாகத் திறந்த ஒரு காபிக் கடையில் பலகை விளையாட்டுகள் வைத்திருந்தார்கள், எல்லாம் இருபது நிமிஷத்தில் முடிகிற ரகம். கடைக்காரரைக் கெஞ்சி, 'போர் விளையாட்டுக்கு ஆள் தேவை' என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். இரண்டு போன் வந்தது. ஒருவர் சீட்டாட்டமா, பணம் வைத்தா என்று கேட்டார். இன்னொருவர் சம்பளம் எவ்வளவு, தங்க இடம் உண்டா என்று கேட்டார். கம்ப்யூட்டரில் வெளிநாட்டு ஆட்களோடு ஆடலாம் என்றார்கள், ஆடியும் பார்த்தேன். திரையில் காய் தானாக நகர்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர் சிரிக்கிறாரா, நகத்தைக் கடிக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. எனக்கு எதிரே ஒரு முகம் வேண்டும்.

ஆகவே ஒன்பது வருஷம் நானே எனக்கு எதிராக ஆடினேன். நீலப்படையை நகர்த்திவிட்டு மேஜையைச் சுற்றிப் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சிவப்புப்படையை நகர்த்துவேன். நீலம் எங்கே பதுங்கியிருக்கிறது என்று சிவப்புக்குத் தெரியும், சிவப்பின் திட்டம் நீலத்துக்குத் தெரியும். ஒரு தடவைகூட நான் திடுக்கிட்டதில்லை. அந்த எதிர் நாற்காலியைப் பார்த்தால் சில நாள் அழுகையாக வரும். சின்னப் பிள்ளைத்தனம்தான். ஆனால் வந்தது, அதை மறைப்பானேன்?

அவரை ஒரு மருந்துக் கடையில் பார்த்தேன். தில்லை நகரில் மாமியாருக்கு மாதாமாதம் மாத்திரை வாங்குகிற கடை. மருந்து அடுக்குகளைக் கவனித்துக்கொள்கிறவர், ஐம்பதை ஒட்டிய வயது, நெற்றியில் திருமண், கச்சலான உடம்பு. எந்த மாத்திரை எத்தனை நாளில் தீரும், அடுத்த லோடு எப்போது வரும் என்பதைத் தாளைப் பார்க்காமலே சொல்வார். கடையில் அவரை எல்லாரும் 'சாமி' என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. அன்று கூட்டம். காத்திருக்கும் நேரத்தில் படிக்க விதிப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தேன். என் முறை வந்ததும் அதைக் கல்லா மேஜை மேல் வைத்தேன். அவர் திறந்திருந்த பக்கத்தைத் தலைகீழாகவே படித்தார்.

"இது ஏதோ படை நடத்தற விளையாட்டோ?"

"ஆமா சாமி."

மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டார், "இதுல ஆளுக்குக் களைப்பு உண்டோ?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒன்பது வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். எவ்வளவு நேரம் ஆகும், எப்படி ஜெயிப்பது, விலை என்ன. களைப்பு உண்டா என்று ஒருத்தர் கேட்டதில்லை. இந்த விளையாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு காய்க்கும் இரண்டு முகம். ஒரு முகம் பளிச்சென்று இருக்கும், தெம்பான படை. மறுமுகம் வெளிறியிருக்கும், களைத்த படை. ஓட்டமாக ஓட்டினாலும் சண்டை போட்டாலும் காய் புரண்டு வெளிறிவிடும். ஒரு சுற்று முழுக்க அசையாமல் இருந்தால்தான் மறுபடி நிமிரும். களைத்த காய்க்கு இன்னொரு அடி விழுந்தால் ஆட்டத்தை விட்டே போக வேண்டியதுதான். இதையெல்லாம் பின்னால் நின்ற கூட்டம் முணுமுணுக்க முணுமுணுக்க அவரிடம் கடகடவென்று கொட்டினேன்.

"அப்ப நன்னாத்தான் பண்ணியிருக்கான்" என்றார். "புஸ்தகத்தக் குடுங்கோ. ஜெராக்ஸ் எடுத்துண்டு தரேன்."

அவர் ஏன் அதைக் கேட்டார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஸ்ரீரங்கத்தில் அவர் குடும்பமே தலைமுறையாக ஸ்ரீபாதம் தாங்கிகள். பெருமாள் புறப்பாடு என்றால் பல்லக்கைத் தோளில் சுமப்பவர்கள். கடை வேலை வயிற்றுக்கு, உற்சவ நாளெல்லாம் லீவு போட்டுவிட்டுத் தோள் கொடுக்கப் போய்விடுவார். வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவு காய்ப்பு, சட்டைக்கு மேலேயே தெரியும்.

அடுத்த ஞாயிறு மதியம் டவுன் பஸ்ஸில் உறையூரில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை, அதில் தண்ணீர் பாட்டில். வெளியே எதுவும் சாப்பிட மாட்டார், வாழைப்பழம் மட்டும் வாங்கிக்கொள்வார். "சார் இருக்காரோனோ?" என்று வாசலிலேயே கேட்டு, என் வீட்டுக்காரருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு பழைய மருந்து பில்லை எடுத்தார். அதன் பின்பக்கம் தமிழில் மூன்று கேள்வி எழுதியிருந்தது. மூன்றும் விதிகளைப் பற்றி. முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். இரண்டாவதையும் மூன்றாவதையும் படித்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். பாலத்தைப் பற்றிய விதியையும், களைத்த படை பின்வாங்குகிற விதியையும் ஒன்பது வருஷமாக நான் தப்பாகவே ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் ரிஜெக்ட் போடுகிறவள்!

வரைபடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டு பக்கமும் ஆறு, நடுவுல ஊரா? எங்க ஸ்ரீரங்கம்னா இது! அப்ப பாலத்த வச்சிண்டவாதான் ராஜா." எனக்கு இதைக் கண்டுபிடிக்க நாலு ஆட்டம் ஆனது. ஃபேன் போடாததை அவர் கவனிக்கவே இல்லை. என் நெற்றியிலிருந்து வியர்வை வரைபடத்தில் சொட்டப் பார்க்க, அவர் காய்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அவர் ஆடிய மாதிரி யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. காய் ஏழு கட்டம் போகலாம் என்றால் அஞ்சுதான் போவார். "மிச்சம் ரெண்டு உடம்புல இருக்கட்டும்" என்பார். தெம்பான ஆறு காய்களைப் படைக்குப் பின்னால் சும்மா நடத்திக்கொண்டே வந்தார். சண்டையில் சேர்க்கவில்லை. காவலுக்கும் நிறுத்தவில்லை. எனக்கு அது சுத்த வீண் என்று பட்டது. அதைவிடப் பெரிய கூத்து அவருடைய தளபதி. இந்த ஆட்டத்தில் தளபதிக்கு ஒரு தனிக் காய். குதிரையில் இருப்பதால் அவருக்குக் களைப்பே கிடையாது, ஒரே நகர்வில் பன்னிரண்டு கட்டம் தனியாகப் பாயலாம். அவர் பக்கத்தில் இருக்கிற படைதான் ஆற்றைக் கடந்து தாக்க முடியும், அதனால் எல்லாரும் அவரைச் சிட்டாகப் பறக்க விடுவார்கள். சாமியோ தளபதியை ஒரு தடவைகூட வெறும் வரைபடத்தின் மேல் வைக்கவில்லை. கீழே நாலு படைக்காய், அதன் மேல்தான் தளபதி. நாலும் நடக்கிற வேகத்தில்தான் அவரும் போவார். நாலில் ஒன்று களைத்துவிட்டால் பின்னாலிருந்து ஒன்றை வரவழைத்து மாற்றுவார், அதற்கே ஒரு சுற்று போய்விடும், அதுவரை தளபதி நகர மாட்டார்.

"தனியாவே போகலாம் சாமி, விதியிலயே இருக்கு" என்றேன் முதல் நாள்.

"படிச்சேன். கை வரமாட்டேங்கறது" என்று சிரித்தார்.

மூன்று ஞாயிறு. அந்த மூன்று வாரம் நான் எப்படி இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஃபேக்டரியில் ஒரு வெல்டைக்கூடத் திருப்பி அனுப்பாமல், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாஸ் போட்டிருக்கிறேன் என்று பிறகு கேலி செய்தார்கள். புதன்கிழமையே ஞாயிற்றுக்கிழமைக்கு எதிர் நாற்காலியைத் துடைப்பேன். காலையில் பல் தேய்க்கும்போது, அவர் அந்த மூலையில் என்ன நினைத்து அதை வைத்தார் என்று யோசிப்பேன். எனக்குத் தெரியாத ஒன்று என் வீட்டு மேஜையிலேயே இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய சுகம்!

நாலாவது ஞாயிறு என் வாயே எனக்கு எமனாக வந்தது. வடக்குப் பாலத்தில் என் படை மெலிந்து போயிருந்தது. அவர் தளபதியை மட்டும் பாலத்தருகே கொண்டுவந்தால் போதும், ஆற்றைக் கடந்து என்னைத் துவைத்துவிடலாம். எனக்கே அது பளிச்சென்று தெரிந்தது. அவருடைய நாலு காய்களில் ஒன்று களைத்திருந்தது, மாற்றுக் காய் மூன்று கட்டம் பின்னால் இருந்தது. பத்து நிமிஷம் பார்த்தார். "இந்தத் தடவை நான் சும்மா இருக்கேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. விட்டுக்கொடுக்கிறார். பொம்பளை, பாவம், போகட்டும் என்று விட்டுக்கொடுக்கிறார். இதற்காகவா ஒன்பது வருஷம் காத்திருந்தேன்?

"என்ன சாமி, எனக்கு விட்டுக்குடுத்து ஆடுறீங்களா?"

"இல்லையே."

"அப்ப அந்தத் தளபதியத் தூக்கி அங்க வைக்க வேண்டியதுதானே? அட்டை சாமி, அது வெறும் அட்டை! ஆறு பேரப் பின்னாடி தண்டத்துக்கு நடக்க விட்டிருக்கீங்க, ஒருத்தர நாலு பேரு தூக்கிட்டுத் திரியறீங்க. இது என்ன உங்க பல்லக்கா? விளையாட வந்தா விளையாடுங்க, இல்லன்னா…"

இல்லன்னா என்ன என்று எனக்கே தெரியாமல் நிறுத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் துணிப்பையில் போட்டார். "நாழியாயிடுத்து. வரேன் மேடம்" என்றார். கோபமே இல்லாத குரல். அதுதான் கொன்றது.

என் வீட்டுக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து எதிர் நாற்காலியைப் பார்த்தார். "ஒன்பது வருஷம் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுத் தேடின ஆள், ஒரே வாயில துரத்திட்டியா? கெட்டிக்காரிதான்."

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மருந்துக் கடைக்குப் போனால், "அவர் லீவுங்க" என்றார்கள். என்னால் கடையை மாற்றவும் முடியவில்லை, அவர் நம்பரைத் தேடிப் போன் போடவும் துணிவு வரவில்லை. வரைபடத்தின் மேல் ஒரு வேட்டியைக் கூடாரம் போலக் கட்டி வைத்தேன். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மடித்து வைத்துவிடு என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அதற்கும் சண்டை போட்டிருப்பேன்.

பங்குனி வந்தது. அந்த மாதத்தில் ஒரு நாள் ஸ்ரீரங்கத்துப் பெருமாள் காவேரியைக் கடந்து எங்கள் உறையூர் நாச்சியார் கோயிலுக்கு எழுந்தருளுவார். வழியெல்லாம் மண்டகப்படி, தெருவெல்லாம் கோலம். ஒவ்வொரு வருஷமும் வாசலில் நின்று கும்பிடுகிறவள்தான், ஆனால் அந்த வருஷம் காலையிலேயே ஆற்றங்கரைக்குப் போய்விட்டேன். தூரத்திலாவது அவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. காவேரி பாதிக்கு மேல் மணல். வெயில் அதற்குள்ளேயே சுள்ளென்றது.

பல்லக்கு மணலில் இறங்கியது. நானும் எல்லாரையும் போல இத்தனை வருஷமும் மேலேதான் பார்த்திருக்கிறேன், பெருமாளின் திருமுகத்தை, மாலையை, குடையை. அன்றைக்குக் கீழே கால்களைப் பார்த்தேன். கால்கள் கணுக்கால் வரை மணலில் புதைந்து புதைந்து எழுந்தன. மேலே குடையின் தொங்கல் அசையவில்லை. முன்வரிசையில் அவரைத் தேடினேன், காணோம். பின்வரிசையிலும் இல்லை. தோள் கொடுக்காமல், பல்லக்குக்குப் பக்கவாட்டில், கையை வீசிக்கொண்டு சும்மா நடந்து வந்துகொண்டிருந்தார். அவரோடு இன்னும் சிலர், அதே போல வெறும் தோளோடு.

அவர் பெருமாளைப் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. முன்னால் சுமந்து போகிற ஒருவரின் முழங்காலையே பார்த்துக்கொண்டு நடந்தார். அந்த முழங்கால் தடுமாறியதா என்றால், இல்லை. நான் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், வெல்டில் ஓட்டை தேடுகிற என் கண்ணுக்கே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் இரண்டு எட்டு வைத்து உள்ளே போனார். அவர் தோள் தண்டுக்குக் கீழே போன அதே நொடியில் அந்த மனிதர் வெளியே வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கேட்கவில்லை. பல்லக்கு ஒரு நூல்கூட இறங்கவில்லை. வெளியே வந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கவாட்டில் சும்மா நடக்க ஆரம்பித்தார். அவர் கண் இப்போது இன்னொருவரின் முழங்காலில்.

தண்டத்துக்கு நடக்கிறார்கள் என்று சொன்னேனே! அந்த மணலில் என்னைப் புதைத்தால் தேவலை என்று இருந்தது. கூடவே நெஞ்சு நிறைந்தும் வந்தது. இத்தனை அழகாக ஒரு வேலையை மனிதர்கள் செய்து நான் பார்த்ததில்லை. கும்பிட்ட கை கும்பிட்டபடி நின்றேன். யாரைக் கும்பிட்டேன் என்று கேட்டால், மேலே இருந்தவர், கீழே சுமந்தவர், இரண்டு பேரையும்தான்.

அப்போதே எனக்கு இன்னொன்றும் உறைத்தது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து வேட்டியை விலக்கினேன். மேஜையைச் சுற்றிப் போகாமல், என் நாற்காலியிலிருந்தே பார்த்தேன். என் முன்வரிசையில் காய்கள் முக்கால்வாசி வெளிறிக் கிடந்தன. மூன்று வாரமாக நான் அவற்றை ஓட்டு ஓட்டென்று ஓட்டியிருந்தேன். அவர் பக்கத்தில் முன்னால் சண்டை போட்டவை களைத்திருந்தன, ஆனால் அவற்றின் தோளை ஒட்டி அந்த ஆறு காய்கள், பளிச்சென்று. அடுத்த சுற்றில் ஆறும் உள்ளே வரும், களைத்தவை வெளியே போகும். அதற்கடுத்த சுற்றில் பாலம் அவருடையது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், திருப்பிப் போட்டுப் பார்த்தேன். விட்டுக்கொடுத்தாரா? என் படைக்கு மூச்சு முட்டக் காத்திருந்திருக்கிறார் மனிதர். எனக்குக் கடைசி வரை தெரியவே இல்லை. ஒன்பது வருஷம் நான் ஏங்கிய திடுக்கிடல் மூன்று வாரமாக என் வீட்டு மேஜையில் இருந்திருக்கிறது, நான் அதைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து மருந்துக் கடையில் அவர் இருந்தார். காலரைத் தூக்கிவிட்டிருந்தார், தோள் சிவந்து வீங்கியிருந்தது. கூட்டம் கலையும் வரை ஓரமாக நின்றேன்.

"சாமி, அன்னைக்கு நான் பேசினது ரொம்பத் தப்பு. வாய் நீளம் எனக்கு. மன்னிச்சிருங்க."

"உற்சவம் மேல உற்சவமா வந்துடுத்து, அதான் வர முடியல" என்றார். மாத்திரை டப்பாவை அடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பினார். "மனசுல வருத்தமே இல்லேன்னு சொன்னா பொய். இருந்தது. ஆனா அந்த வருத்தமே தோளுக்கு ஒரு வேகம் குடுத்தது."

"ஆத்துல உங்களப் பாத்தேன். அப்புறம் வீட்டுல வந்து போர்டப் பாத்தேன். நான் தோத்துட்டேன் சாமி. ரெண்டே சுத்து. வந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க. அதுக்கப்புறம் வர வேணாம்னா வர வேணாம்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ரெண்டு சுத்துன்னு கண்டுபிடிச்சேளா? நேக்கு மூணுன்னு தோணித்து." பிறகு, "தோத்தாச்சுன்னு நீங்கோளா முடிவு பண்ணிட்டா எப்படி? ஞாயித்துக்கிழமை வரேன்" என்றார்.

வந்தார். அதே துணிப்பை, அதே பாட்டில். ஆனால் அவருடைய நாற்காலியில் உட்காரவில்லை. மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"ரொம்ப நாழி ஒரே பக்கம் சுமந்தா தோள் ஒரு பக்கமாவே பழகிடும். அதான் நாங்க நடுவுல பக்கம் மாத்திப்போம். நீங்கோ அங்க ஒக்காருங்கோ. நான் இங்க ஒக்காந்து பாக்கறேன்."

"சாமி, இது தோக்கற பக்கம்."

"பாக்கலாமே."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒன்பது வருஷமாக எத்தனையோ தடவை உட்கார்ந்த நாற்காலி, ஆனால் எதிரே ஆள் இருக்கும்போது அதில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. என் கையில் இப்போது ஜெயிக்கிற படை. முதல் சுற்றில் ஆறு காய்களை உள்ளே விட்டுக் களைத்தவற்றை வெளியே எடுத்தேன். என்ன சுகமாக மாறின! இரண்டாவது சுற்று. தளபதியை வடக்குப் பாலத்துக்குக் கொண்டு போனால் ஆட்டம் முடிந்தது. தளபதிக்குக் கீழே நாலு காய்கள், அதில் ஒன்று களைத்திருந்தது. மாற்றுக் காய் இரண்டு கட்டம் பின்னால். தனியாகத் தூக்கி வைக்கலாம், விதி இருக்கிறது. ஊருக்கே அந்த விதியைப் போதித்தவள் நான்.

தளபதியை இரண்டு விரலால் எடுத்தேன். பாலத்துப் பக்கம் வெறும் பச்சைக் கட்டம். அதன் மேல் கொண்டு போனேன். வைக்க முடியவில்லை. மணலில் புதைந்து எழுந்த அந்தக் கால்கள் நினைவுக்கு வந்தன. காயைத் திருப்பிக் கொண்டுவந்து அந்த நாலின் மேலேயே வைத்தேன். பின்னாலிருந்த மாற்றுக் காயை அவற்றின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"இந்தத் தடவை நான் சும்மா இருக்கேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, என் பழைய படையின் தளபதியை, என் நீலத் தளபதியை, ஒற்றை ஆளாகக் கையில் எடுத்தார். பன்னிரண்டு கட்டம், ஆற்றங்கரை ஓரமாகவே, யாரும் துணையில்லாமல் பாய்ந்து, நான் இத்தனை நாள் கண்ணிலேயே படாத ஒரு சந்து வழியாகத் தெற்குப் பாலத்தில் கொண்டுபோய் டக்கென்று வைத்தார். அங்கே மூலையில் நான் மறந்தே போயிருந்த மூன்று தெம்பான காய்கள் இருந்தன. என் முதுகு முழுக்கத் திறந்து கிடந்தது.

"சாமி! தனியாவா?"

"இது உங்காத்துத் தளபதியாச்சே" என்றார். "அவருக்குத் தனியா ஓடித்தானே பழக்கம்."

நான் சிரித்த சிரிப்பில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். நாலு மணி நேரம் கழித்து ஆட்டம் முடிந்தது. ஜெயிக்கிற பக்கத்தில் உட்கார்ந்து நான் தோற்றேன். எழுந்து போய் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் காபி போட்டேன், சாமிக்கு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு வந்தேன். அடுப்படியில் நிற்கும்போது பாத்திரத்தில் என் முகம் தெரிந்தது. அந்த முகத்தை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், ஜெர்மனியில், தோற்றுவிட்டுக் காபி எடுத்து வந்த அந்தப் பெரியவரிடம்.